தலைக்கு இவ்வளவு

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூரில் விடிவதற்கு முன்பே வெளியூர் வண்டிகள் வந்து நிற்கும். சுரபி நதியில் குளித்து, சனீஸ்வரனுக்கு எள் தீபம் ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் அந்தக் கோயில்தான். எனக்கு அந்த அதிகாலை நேரம் என்றால் அம்மாவின் டார்ச் லைட்.

1990களில் எங்கள் அம்மா ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவராக இருந்தார். நான்கு மணிக்குத் தெருத்தெருவாகக் கதவைத் தட்டி, பதினைந்து பதினாறு பெண்களை எழுப்பி, ஜீப்பில் ஏற்ற வேண்டும். தட்டுவது அம்மா, டார்ச் பிடிப்பது நான். “ஏ மதினி, ஜீப்பு வந்துருச்சு.” “யக்கா, இன்னைக்கு வர்றீகளா இல்லையா?” “சின்னம்மா, தூக்குவாளிய மறந்துராதீக.” ஆளுக்கு ஆள் உறவுமுறை மாறும், குரல் மாறாது. கெஞ்சலும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த குரல் அது.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் தாண்டி ஜீப் கம்பம்மெட்டு மலையில் ஏறும். வளைவுகளுக்கு அந்தப் பக்கம் கேரளம். வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களில் எட்டு மணிக்குள் இறங்கியாக வேண்டும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. காய் எடுக்கிறவள் நாள் முழுக்கக் குத்தவைத்தே நகர வேண்டும். மழைக்காலத்தில் தலையில் சாக்குக் கொங்காணி, காலில் அட்டை, மூக்கில் மருந்து வாடை. சாயங்காலம் திரும்ப மலை இறங்கி வீடு வந்து சேரும்போது இருட்டியிருக்கும். அதற்குப் பிறகு அவரவர் வீட்டு அடுப்பு.

கீழே பென்னி குக் கட்டிய அணையிலிருந்து 1895 முதல் தண்ணீர் வருகிற பள்ளத்தாக்கு. 14,707 ஏக்கர் இருபோக வயல் என்று அரசாங்கம் கணக்குச் சொல்லும். அந்த ஏக்கரில் எங்கள் தெருப் பெண்களின் பேரில் அரை ஏக்கர்கூட இல்லை. நடவும் களையெடுப்பும் வருடத்தில் சில வாரங்கள். மீதி நாளெல்லாம் மலைதான்.

அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. தேதி, பெயர்கள், பக்கத்தில் ஒரு கோடு. மாதக் கடைசியில் கோடுகளை எண்ணினால் அவரவர் கூலி. அதே கோடுகளை மொத்தமாக எண்ணினால் அம்மாவின் வருமானம். ஆளுக்கு இரண்டு ரூபாய் என்று தோட்டக்காரர் அம்மாவுக்குத் தனியாகக் கொடுப்பார். அந்த இரண்டு ரூபாய்களில்தான் நான் படித்தேன். இன்று மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன்.

*

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு காலத்தில் அவரும் ஜீப்புக்கு ஆள் பிடித்தவர்தான். அம்மாவுக்குத் தெரிந்தவர். சோபாவில் உட்கார்ந்து, செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். பச்சைத் திரைக்குள் வரிசை வரிசையாக ஸ்ட்ராபெர்ரி. கையுறை போட்ட பெண்கள் சிரிக்கிறார்கள்.

“இங்கிலாந்து டீச்சர். பழம் பறிக்கிற வேலை. நம்ம பிள்ளைக ஏலக்காய் எடுக்கிற கைக்கு இதெல்லாம் விளையாட்டு. மூன்றரை லட்சம் ஆகும். முதல்ல அம்பதாயிரம் கட்டுனாப் போதும். மிச்சத்தைச் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. ரெண்டு வருசம் இருந்தா குடும்பத்தையே கூப்பிட்டுக்கலாம்.”

ஏன் என்னிடம் வந்தார் என்பதைக் காபி குடித்த பிறகு சொன்னார். “பொம்பளப் பிள்ளைகளாத்தான் கேக்குறாங்க. கை நிதானம், பிரச்சனை பண்ண மாட்டாங்க. ஆனா பெத்தவங்க யோசிக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அனுப்பிருவாங்க. சும்மா இல்ல டீச்சர். தலைக்கு ஐயாயிரம்.”

தலைக்கு என்றுதான் சொன்னார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முறம் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றது.

அவர் செல்போனில் இருந்த பட்டியலில் என் பழைய மாணவி ஒருத்தியின் பெயரும் இருந்தது. இருபத்து மூன்று வயது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். நர்சிங் சேர்ந்து, பணம் கட்ட முடியாமல் பாதியில் வந்தவள். இப்போது தினமும் ஜீப்பில் மலைக்குப் போகிறாள். அன்று மாலையே தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“நீங்க என்ன சொல்றீகளோ அதான் டீச்சரம்மா,” என்றார் அவள் அம்மா. அந்த ஒரு சொல்லுக்கு ஐயாயிரம் ரூபாய் விலை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

நான் பொதுவாக எச்சரிக்கை சொல்ல ஆரம்பித்தேன். தூரம், குளிர், தெரியாத மொழி, தனியாகப் பெண்பிள்ளை. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: “போன வருசம் எங்க கிளாஸ் பையங்க நாலு பேரு துபாய் போனாங்க. அவங்ககிட்ட இதெல்லாம் சொன்னீகளா டீச்சர்?”

சொல்லவில்லை. அவர்களில் ஒருவனுக்குப் பேனா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

“தினம் நாலஞ்சு மணி நேரம் ஜீப்லயே போகுது. மலை ஏறுறதும் பிழைக்கப் போறதுதான், பிளேன் ஏறுறதும் பிழைக்கப் போறதுதான். ஒண்ணு மட்டும் புரியல. அந்த ஊர்ப் பழத்தைப் பறிக்க அந்த ஊர்ல பிள்ளைக இல்லையா? அவுக எங்க போனாக?”

*

அவர்கள் எங்கே போனார்கள் என்று தேடினால் 1922ஆம் ஆண்டில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு லண்டனில் பேரரசுக் குடியேற்றச் சட்டம் என்று ஒன்று வந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஊர் முழுக்க வேலையில்லாத இளைஞர்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பண்ணைகளுக்கு ஆள் இல்லை. ஆண்டுக்கு 30 லட்சம் பவுன் வரை செலவழித்துத் தன் பிள்ளைகளைக் கப்பலேற்ற பிரிட்டன் முடிவெடுத்தது. சுவரொட்டிகளில் கோதுமை வயலும் வெயிலும். போனால் உழைப்பு, உழைத்தால் சொந்த நிலம் என்றார்கள். அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்று எந்தச் சுவரொட்டியும் சொல்லவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டை அழித்துப் பண்ணையாக்கப் போன குடும்பங்களில் பல, கடனைச் சுமந்துகொண்டு நிலத்தை விட்டு வெளியேறின.

சட்டத்துக்கு முன்பே குழந்தைகளை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். 1869 முதல் சுமார் ஒரு லட்சம் ஏழைக் குழந்தைகள் கனடாவுக்கு மட்டும் போனார்கள். சிறுவர்கள் பண்ணை வேலைக்கு, சிறுமிகள் வீட்டு வேலைக்கு. அநாதைகள் என்று சொல்லி அனுப்பப்பட்ட பலருக்குத் தாய் உயிரோடு இருந்தார். ஆஸ்திரேலியாவுக்கு இப்படி அனுப்புவது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் தொடர்ந்தது. 2009ல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும் 2010ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். இளம்பெண்களை அனுப்பத் தனியாக ஒரு சங்கமே இருந்தது. அங்கே ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. வீட்டு வேலைக்கு என்று கூப்பிட்டார்கள், மனைவியாக எதிர்பார்த்தார்கள்.

அதே 1922ல் டெல்லியில் இந்தியக் குடியகல்வுச் சட்டம் வந்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் ஆள் கொண்டுபோவதை ஒழுங்குபடுத்துகிற சட்டம். இதை ஒரே பேரரசின் இரண்டு கைகள் என்று பிள்ளைகளுக்கு நடத்துவேன். ஒரு கை தன் பிள்ளையை நிலத்தைக் காட்டி அழைத்தது. மறு கை நம் பிள்ளையைக் கூலியைக் காட்டி அழைத்தது. இரண்டு கணக்கிலும் பெண் ஆணுக்குப் பின்னால் எழுதப்பட்ட எண்ணாகவே இருந்தாள். ஃபிஜிக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளை அனுப்பிய காலத்தில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று விதியே வைத்திருந்தார்கள். அந்த நாற்பதை நிரப்பினால்தான் கப்பல் கிளம்பும். ஆகவே ஆள்பிடிக்கிறவர்கள் கோயில் வாசலிலும் சந்தையிலும் தனியாக நிற்கும் பெண்ணைத் தேடினார்கள்.

இன்றைய கதை இதன் வால். பிள்ளைகளைக் கடல்கடந்த பண்ணைகளுக்கு அனுப்பிய அதே பிரிட்டன், 2019ல் 2,500 பேருக்கு என்று பருவகாலத் தொழிலாளர் விசாவைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது 40,000ஐத் தாண்டியது. குனிந்து பழம் பறிக்க உள்ளூரில் ஆள் கிடைக்காமல் நேபாளம், இந்தோனேசியா, கிர்கிஸ்தான் வரை தேடுகிறார்கள். அவர்களில் பலர் ஊரில் தரகருக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

*

கங்காணி என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவி இருந்தார். அம்மாச்சியின் அக்கா. ஊர் அவரைக் கொழும்புக் கிழவி என்றது. அவர் இருந்தது கொழும்பில் இல்லை, மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். பத்து வயதில் அப்பன் ஆத்தாளோடு மண்டபம் முகாமில் சில நாள் அடைபட்டு, அம்மை குத்திக்கொண்டு, கப்பலேறியவர்.

“தேயிலைத் தூரத் தோண்டுனாத் தேங்காயும் மாசியும் கெடைக்கும்னான். நாப்பது வருசம் தூர்லயே கெடந்தேன். ஒரு மாசித் துண்டக் காணோம்,” என்று சிரிப்பார்.

எனக்கு மறக்காதது அவர் சொன்ன இன்னொன்று. கங்காணி அந்நியன் இல்லை, மாமன் முறை. அவன் பேசியது அவருடைய அப்பனிடம். ஆத்தாளிடம் பேசியது கங்காணியின் பெண்டாட்டி. “கழுத்துல காசுமாலை போட்டு வந்து ஆத்தா பக்கத்துல ஒக்காந்தா. ‘நான் போகலையா, எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு’ன்னா. ஆத்தா மாலையவே பாத்துக்கிட்டிருந்தா. அப்பறம் சரின்னுட்டா.” அந்தக் காசுமாலை இரவல் என்பது தோட்டத்துக்குப் போன பிறகுதான் தெரிந்ததாம்.

கங்காணி முறையின் பொறி இந்த உறவில்தான் இருந்தது. தோட்டத்துரை முன்பணம் கொடுப்பார். அதைக் கங்காணி ஊரில் விதைப்பார். பயணச் செலவு, அரிசி, போர்வை எல்லாம் தொழிலாளியின் பேரில் கடன். கடனைச் சுமந்த ஆளை வேறு தோட்டம் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், கடன் தொகை எழுதிய ‘துண்டு’ என்ற சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆள் கைமாறியது அந்தத் துண்டோடுதான். 1921ல்தான் அதை ஒழித்தார்கள். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தினமும் காசு விழுந்தது. காய்ச்சலோடு கிடப்பவளைப் பிரட்டுக்கு எழுப்பிவிடுவதில் அவருக்கு இருந்த அக்கறை அந்தக் காசின் அக்கறை. போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பெரிய கங்காணிகள் பெரும்பாலும் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தார்கள். ஊரில் இருந்த படிக்கட்டு கப்பலேறி லயத்துக்கும் வந்து சேர்ந்தது.

கொழுந்து கிள்ளியது பெரும்பாலும் பெண்கள். 1927ல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்த 43 சதத்தையும் பல வீடுகளில் புருஷனோ அப்பனோ போய் வாங்கிக்கொண்டார்கள். தோட்டப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலி என்பது 1984ல்தான் வந்தது. கொழும்புக் கிழவி அதற்குள் திரும்பியிருந்தார். 1948ல் குடியுரிமை பறிபோய், 1964ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தானது. 1973ல் அவர் ஒரு தகரப் பெட்டியோடு ராமேஸ்வரத்தில் இறங்கினார். மகன் குடும்பத்தை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். மறுபடியும் தேயிலைத் தூர். கிழவி மட்டும் தங்கையைத் தேடிக் குச்சனூருக்கு வந்துவிட்டார்.

கூட்டிக்கொண்டு போன மாமன் என்ன ஆனார் என்று நான் ஒருமுறை கேட்டேன். “அவன் அடுத்த வருசமே ஊருக்கு வந்துட்டானே, இன்னும் ஆள் கூட்ட,” என்றார்.

*

ஏஜென்ட் வந்துபோன இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐயாயிரத்தின்மேல் எனக்கு ஆசை இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பத்துப் பேர் என்றால் ஐம்பதாயிரம் என்று மனம் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டது என்பதும் உண்மை.

விடியற்காலையில் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். “அந்த ஆளு கங்காணின்னா, நீ யாரும்மா? தலைக்கு ரெண்டு ரூவா வாங்குன.”

கேட்டிருக்கக் கூடாது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனால் அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். “நானும் ஆள் கூட்டுனவதான். இல்லன்னு சொல்லல. ஆனா நான் கூட்டிட்டுப் போனேன், கூட்டிட்டும் வந்தேன். நாலு மணிக்கு எண்ணி ஏத்துவேன், ராத்திரி எண்ணி எறக்குவேன். ஒருத்தி கொறைஞ்சாலும் வண்டிய எடுக்க விடமாட்டேன். அவுக எடுத்த காயை நானும் எடுத்தேன். அவுகளக் கடிச்ச அட்டை என்னையுங் கடிச்சுச்சு.”

கொஞ்ச நேரம் கழித்து, “ஒருத்தியத்தான் கூட்டிட்டு வர முடியல,” என்றார்.

அது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். 1997 ஐப்பசி. மழையில் ஜீப் கவிழ்ந்தது. ஏற்றக்கூடிய கணக்கைவிட அதிகம் பேர் இருந்தார்கள். எப்போதும் அப்படித்தான் இருந்தார்கள். அம்மாவுக்குத் தோள்பட்டை முறிந்தது. எங்கள் தெருவிலிருந்து போன ஒரு மதினி இறந்துபோனார். எனக்குப் பதினாறு வயது. தோட்டத்தில் பதிவேட்டில் பெயர் இல்லை, அவர் எங்கள் தொழிலாளியே இல்லை என்றார்கள். வண்டிக்காரர் தரப்பில் சும்மா ஏறி வந்தவர் என்றார்கள். அந்தப் பெண் அன்று கூலி வேலைக்குத்தான் போனார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அம்மாவின் நாற்பது பக்க நோட்டு. கட்டுப் போட்ட கையோடு அதைத் தூக்கிக்கொண்டு அம்மா காவல் நிலையத்துக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைந்தார். முன்பே நடந்த இருபத்தேழு நாள் கோடுகள் அதில் இருந்தன. கடைசியில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சிறு தொகை கிடைத்தது. இதுவரை எனக்குத் தெரியும்.

தெரியாததை அம்மா அன்றைக்குச் சொன்னார்.

“அன்னைக்கு அவ வரலைன்னுட்டா. சின்னவனுக்குக் காச்ச. ‘மதினி, நாளைக்கு வாரேன்’னா. எனக்கு ரெண்டு ஆள் கொறைஞ்சிருந்துச்சு. ஆள் கொறைஞ்சாத் தோட்டக்காரன் அடுத்த நாள் வேற ஊரு ஜீப்பக் கூப்பிட்டுக்குவான். ‘கசாயத்தக் குடுத்து ஆத்தாகிட்ட விட்டுட்டு வா, ஒரு நாக் கூலிய ஏன் விடுற’ன்னேன். ரெண்டாந்தடவையும் போய்க் கதவத் தட்டுனேன். நீதான் டார்ச் புடிச்ச.”

எனக்கு அந்தக் கதவு நினைவில் இல்லை. நூறு கதவுகளில் ஒன்று. அம்மாவுக்கு இருபத்தேழு வருடங்களாக அது ஒரே கதவு.

பெண்ணிய வாசிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்த சொற்களில் நான் அம்மாவைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். சுரண்டப்பட்டவர் என்று சொல்லியிருக்கிறேன். தலைமை தாங்கியவர் என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் சரிதான். இரண்டுக்கும் நடுவில், தன்னைப்போன்ற இன்னொருத்தியை ‘வா’ என்று அழைத்த ஒரு பெண் இருக்கிறார். அழைக்கும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஒரு நாள் கூலி உண்மைதான். ஆனால் அந்த அழைப்பில் அவருக்கு இரண்டு ரூபாய் இருந்தது, அதைக் கேட்டவளுக்குச் சொல்லவில்லை. காசுமாலை போட்டு வந்து உட்கார்ந்த கங்காணியின் பெண்டாட்டியை நான் எப்போதும் எதிர்ப்பக்கத்தில் வைத்தே கதை கேட்டிருக்கிறேன். அவளுக்கும் அந்த மாலை சொந்தமில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

*

அப்படியானால் போகாதே என்று சொல்வதுதான் சரியா?

அதைத்தான் அரசாங்கம் செய்துவருகிறது. பத்தாம் வகுப்பு தேறாத பெண், முப்பது வயது ஆகாமல் வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை என்று பல ஆண்டுகளாக விதி இருக்கிறது. ஆணுக்கு அந்த வயது வரம்பு இல்லை. பாதுகாப்பு என்று பெயர். போக வேண்டிய நெருக்கடி இருபத்தைந்து வயதிலேயே வந்துவிடுகிறவள் என்ன செய்வாள்? சுற்றுலா விசாவில் போவாள். பதிவேட்டில் பெயர் இல்லாமல் போவாள். 1997ல் எங்கள் மதினிக்கு நடந்தது அவளுக்கு இன்னொரு நாட்டில் நடக்கும். அங்கே நோட்டு எழுத அம்மாவும் இருக்க மாட்டார்.

தடையால் யாரும் பாதுகாப்பாக இருந்து நான் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், அநேகமாக எல்லோரும் தமிழ்ப் பெண்கள், ஆண்கள் தலைமையிலிருந்த தொழிற்சங்கங்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பேர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் கிடைத்தது. அடுத்த போராட்டத்தில் 232 ரூபாய் நாட்கூலி 301 ஆனது. கேட்டது 500. அம்மா அதை டி.வி.யில் நின்றுகொண்டே பார்த்தார். “சங்கத்துக்காரன உள்ள விடல பாரு,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணைத் தனியாக வரச்சொன்னேன். ஏஜென்ட் எனக்குச் சொன்ன ஐயாயிரத்தைப் பற்றி முதலில் சொன்னேன். அவள் முகம் மாறியது. “அப்ப எனக்காக அவரு வாங்குறது எவ்வளவு டீச்சர்?” என்றாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் நாங்கள் தொடங்கினோம். இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரிட்டிஷ் அரசின் விதிகளைப் படித்தோம். ஆங்கிலம் அவளுக்குத் தடுமாறியது, எனக்கும்தான். அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனோம்.

அந்த விசா அதிகபட்சம் ஆறு மாதம். முடிந்ததும் கிளம்ப வேண்டும். குடும்பத்தைக் கூப்பிட முடியாது. அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மூலமாக மட்டுமே ஆள் எடுக்க முடியும். வேலை தேடிக் கொடுத்ததற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவது அந்த நாட்டில் சட்டவிரோதம். இங்கே 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும். முகவருடைய பதிவு எண்ணை இ-மைகிரேட் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். சரிபார்த்தோம். எங்கள் ஆளின் பெயர் அதில் இல்லை.

அவள் ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். மூன்றரை லட்சம் கடன், வட்டி, ஆறு மாதச் சம்பளம், தங்குவதற்குப் பிடித்தம், சாப்பாடு. மழையில் வேலை இல்லாத நாட்களுக்கு என்ன என்று படத்தில் சிரித்த கையுறைப் பெண்கள் சொல்லவில்லை. தாளை மடித்துவிட்டுச் சொன்னாள்: “அந்தாளு வழியாப் போகல. ஆனா போவேன் டீச்சர். நீங்க தடுத்துட்டதா நெனச்சுக்காதீக.”

வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தார். அவளை நிறுத்தி, உள்ளே போய்ப் பழைய நோட்டை எடுத்துவந்து காட்டினார். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. ஐப்பசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு பெயருக்கு நேரே இருந்த கோட்டில் விரலை வைத்தார்.

“எங்க வேணும்னாலும் போ தாயி. உன்னையக் கூப்பிடுறவன்கிட்ட மூணு கேளு. எனக்கு நீ வாங்குறது எவ்வளவு? நான் வேலைக்கு வந்தேன்னு எந்த நோட்டுல எழுதுவ? முடியலைன்னா என்னையத் திரும்பக் கூட்டிட்டு வர்றது யாரு? மூணுக்கும் பேரு, ஊரு, கையெழுத்து வேணும்.”

அவள் செல்போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டாள்.

ஏஜென்ட் மறுபடி போன் செய்தபோது, கூட்டத்துக்கு வந்து பேசுகிறேன், பணம் வேண்டாம், இந்த மூன்று கேள்விக்கும் நீங்கள் எழுதிக் கொடுங்கள், பெற்றவர்கள் முன்னால் வாசிக்கிறேன் என்றேன். பார்க்கிறேன் டீச்சர் என்று வைத்தவர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. பக்கத்து ஊரில் வேறொரு டீச்சர் கிடைத்திருக்கலாம்.

அவளுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. சென்னையில் தமிழ்நாடு அரசு 1978லிருந்து நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயர் பதிந்திருக்கிறாள். விட்ட நர்சிங்கை முடிக்கவும் வழி தேடுகிறாள். அதுவரை தினமும் நாலு மணிக்கு எழுந்து ஜீப்புக்குப் போகிறாள். இப்போது யாரும் கதவைத் தட்டுவதில்லை, போன் அடிக்கிறார்கள். ஜீப்பில் ஏறியதும் எல்லோரையும் ஒரு படம் எடுத்து, தேதி போட்டு, அவர்கள் குழுவில் அனுப்புவதை அவள்தான் தொடங்கிவைத்தாளாம். இறங்கியதும் இன்னொரு படம். அதில் எனக்கு இடமில்லை, அம்மாவைச் சேர்த்திருக்கிறாள். அம்மா காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்போனைத் தள்ளிப் பிடித்து எண்ணுகிறார்.